நகரமா கிராமமா: மோட்டார் ஓடாத இரவில் டார்ச் பிடிப்பது யார்?

(வாசகரின் கடிதச் சுருக்கம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.)

வயது 43. மென்பொருள் நிறுவனத்தில் குழுத் தலைவர். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம். போக 18 கி.மீ., வர 18 கி.மீ., இரண்டும் சேர்ந்து இரண்டரை மணி நேரம். வாரத்தில் நான்கு நாள் இரவு ஏழு மணியிலிருந்து பத்தரை வரை வெளிநாட்டுக் குழுவோடு வீடியோ அழைப்பு. வீடு பிரதான சாலையை ஒட்டிய அடுக்ககத்தில் மூன்றாவது மாடி, காலை ஐந்து மணிக்கே ஹாரன் சத்தம். மூன்று வருடமாகச் சரியான தூக்கம் இல்லை. மனைவிக்கு 39 வயது. நடந்து போகும் தூரத்தில் ஒரு கிளினிக்கில் கணக்கு எழுதுகிறார். அவருடைய அக்கா அடுத்த தெருவில் இருக்கிறார். மகளுக்கு 13, மகனுக்கு 7. கூடவே இருக்கும் அப்பாவுக்கு 74. இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள்.

நகரத்திலிருந்து 160 கி.மீ. தள்ளி ஒரு ஏக்கர் நிலத்தோடு பழைய வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அடுக்கக வீட்டை விற்று, மீதிக் கடனை அடைத்துவிட்டு அதை வாங்கலாம் என்று திட்டம். பள்ளிக்கூடம் 14 கி.மீ., ஆஸ்பத்திரி உள்ள டவுன் 22 கி.மீ., இதய சிகிச்சைக்கு 70 கி.மீ. மூன்று முறை போய்ப் பார்த்தாயிற்று. மூன்றும் சனி, ஞாயிறு. மழை விட்ட குளிர்ந்த மாதங்கள். "அங்கே ஒன்பது மணி நேரம் தூங்கினேன்" என்கிறார். விற்பவர் ஒரு மாதத்துக்குள் முன்பணம் கேட்கிறார். "என் முடிவு சரிதானே? மனைவியை எப்படிச் சம்மதிக்க வைப்பது?" என்பது கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். கிணற்றுக்கு ஒரு பத்தி, வேலியோர மரங்களுக்கு ஒரு பத்தி, காலைப் பனிக்கு அரைப் பக்கம். மனைவிக்கு ஒரே ஒரு வரி: "அவள் சம்மதிக்கக் கொஞ்ச நாள் ஆகும்." அப்பாவுக்கும் ஒரு வரிதான்: "எங்கே கூப்பிட்டாலும் வர்றேன்னு சொல்லிட்டார்." நான் அந்த இரண்டு வரியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நகரத்தில் காசு கொடுத்தால் தானாக நடந்துவிடும் வேலைகள் ஏராளம். குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது, குப்பையை யாரோ அள்ளிப் போகிறார்கள், மருந்து வாசலுக்கு வருகிறது, பிள்ளைகள் நடந்தே பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். தனித்திருக்கும் ஊர்ப்புற வீட்டில் இதே வேலைகளுக்கு ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்த ஆள் யார் என்று பெயர் எழுதிவிட்டுத்தான் இடத்தைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த இடத்தில் எனக்குத் தெரிந்தது உங்கள் பெயர் இல்லை.

தூக்கம் போனது எதனால்?

முதலில் நீங்கள் சொல்லும் காரணத்தைப் பார்ப்போம். நகரச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும் என்பது உண்மைதான். இரவில் வீட்டுக்கு வெளியே சாலைச் சத்தம் சராசரியாக 45 டெசிபலுக்குக் கீழே இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018-இல் பரிந்துரைத்தது. பிரதான சாலையை ஒட்டிய வீட்டில் அதற்கு வழியே இல்லை. ஆனால் நீங்கள் அந்த வீட்டில் ஒன்பது வருடமாக இருக்கிறீர்கள். தூக்கம் கெட்டு மூன்று வருடம்தான் ஆகிறது. இரவு அழைப்புகள் எப்போது தொடங்கின என்று நீங்களே இன்னொரு பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்: பதவி உயர்வுக்குப் பிறகு, மூன்று வருடத்துக்கு முன்.

பத்தரை மணி வரை திரையைப் பார்த்துக்கொண்டு, வாக்குவாதம் செய்து, பதில் சொல்லிவிட்டுப் படுத்தால் உடம்பு படுக்கும். மூளை கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கும். அது அடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அந்தக் கிராமத்து வீட்டில் ஒன்பது மணி நேரம் தூங்கினீர்களே, அந்த மூன்று இரவிலும் அழைப்பு இல்லை. மறுநாள் அலாரமும் இல்லை. தூக்கம் வந்தது அமைதியாலா, விடுமுறையாலா என்று உங்களிடம் உள்ள விவரத்தை வைத்துச் சொல்ல முடியாது. லேப்டாப் எங்கே போகிறதோ அந்த அழைப்பும் அங்கே வரும்.

இதை வீட்டை விற்காமலே சோதித்துப் பார்க்கலாம். சாலைப் பக்கத்து அறையை விட்டு, பின்பக்கம் இருக்கும் மகனின் அறைக்கு மூன்று வாரம் மாறுங்கள். சன்னலின் இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். சத்தம் கண்ணாடி வழியாக மட்டுமல்ல, இடுக்கு வழியாகவும் நிறைய வரும். நான்கு நாள் அழைப்பை இரண்டு நாளாகக் குறைக்க முடியுமா, மற்ற இரண்டை அதிகாலைக்கு மாற்ற முடியுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். தினமும் படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், நடுவில் விழித்தது, எழுந்தது ஆகியவற்றை ஒரு நோட்டில் குறியுங்கள். கூடவே, நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று மனைவியிடம் கேளுங்கள். உங்கள் வயதில் மூன்று வருடத் தூக்கக் கோளாறு என்றால், தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்த்துவிடுவது நல்லது. அது இருந்தால் எந்த ஊரின் அமைதியும் உதவாது.

பசுமை வேண்டும் என்கிறீர்கள். நியாயமான ஆசை. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை என்று வெளியில் கழித்தவர்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொன்னது கூடுதலாக இருந்தது. ஒரே தடவையாகப் போனாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் வித்தியாசம் தெரியவில்லை. வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஏக்கர் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1998-இல் ஷ்கேட், கானமன் என்ற இரு உளவியலாளர்கள், நல்ல வெயிலுக்குப் பேர்போன கலிஃபோர்னியாவிலும் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலும் படித்த மாணவர்களை ஒப்பிட்டார்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள்தான் சந்தோஷமாக இருப்பார்கள் என்று இரு தரப்புமே நினைத்தது. அவரவர் வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி என்று கேட்டபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு. இடம் மாறுவதைப் பற்றி யோசிக்கும்போது நமக்குக் கண்ணில் படுவது இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். அங்கே போய் வாழும்போது அந்த வித்தியாசம் ஒரு மூலைக்குப் போய்விடும். அன்றாட வேலைகள்தான் முன்னால் வந்து நிற்கும்.

அன்றாடத்தை யார் சுமப்பது?

அந்த அன்றாடத்தை ஒரு நாளுக்கு விரித்துப் பார்ப்போம். பள்ளிப் பேருந்து அந்தப் பக்கம் வராது, ஆனால் கார் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 14 கி.மீ. கொண்டு விட, 14 கி.மீ. திரும்ப, மாலையில் மறுபடி அதே. ஒரு நாளைக்கு 56 கி.மீ., பள்ளி நாள் 22 என்றால் மாதம் 1,232 கி.மீ. நீங்கள் அலுவலகத்துக்கு இப்போது ஓட்டுவது மாதம் ஏறத்தாழ 460 கி.மீ.தான். நேரத்தைப் பார்த்தாலும், ஒரு நடைக்கு 25 நிமிடம் என்று வைத்தால் வாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் இன்றைய அலுவலகப் பயணம் ஏழரை மணி நேரம். ஓட்டம் குறையவில்லை, ஓட்டுபவர்தான் மாறுகிறார். பகலில் உங்களுக்கு வேலை இருக்கும். மனைவி தன் வேலையை விட்டுவிட்டு வரப்போகிறார். ஸ்டியரிங் யார் கையில் இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது தண்ணீர். ஒரு நாள் இரவு எட்டு மணி. நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அழைப்பில் இருக்கிறீர்கள். மாடித் தொட்டி காலி. மனைவி ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சைப் பொத்தானை அழுத்துகிறார். மோட்டார் 'உம்' என்று முனகுகிறது, சுற்றவில்லை. பெரும்பாலும் மோட்டாரைச் சுற்றத் தொடங்க வைக்கும் கெப்பாசிட்டர் போயிருக்கும். முனகிக்கொண்டே இருக்க விட்டால் சில நிமிடத்தில் மோட்டாரின் சுருள் கருகிவிடும். உடனே அணைக்க வேண்டும். முனகலே இல்லை என்றால் ஃபியூஸ், குறைந்த மின்னழுத்தம், அல்லது ஸ்டார்ட்டரின் தொடுமுனைகளுக்கு நடுவே எறும்போ பல்லியோ. மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் கிணற்றில் மட்டம் இறங்கிவிட்டது, அல்லது வால்வு கசிகிறது. மூன்றுக்கும் மூன்று விதமான ஆள் வேண்டும். அந்த நேரத்தில் எவரும் வர மாட்டார்கள். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் போன், பின்னால் "அம்மா, தண்ணி வரல" என்று மகன். நீங்கள் மியூட்டை எடுத்துவிட்டு, "ஒரு நிமிஷம்" என்கிறீர்கள், வெளிநாட்டில் இருப்பவரிடம்.

மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். இதற்கெல்லாம் வழி உண்டு. உபரியாக ஒரு கெப்பாசிட்டர் வாங்கி வைக்கலாம், தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடாதபடி தானாக அணைக்கும் கருவி போடலாம், தொட்டியை ஒன்றரை நாளுக்குத் தாங்கும் அளவில் வைக்கலாம். ஐந்து பேருக்கு ஆளுக்கு 100 லிட்டர் என்றால் நாளைக்கு 500; ஆகவே 750 லிட்டருக்குக் குறையாத தொட்டி. செடிகளுக்குத் தனிக் கணக்கு. ஆனால் அந்த வழிகளை யாராவது கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்ளப் போவது நீங்கள் என்றால், எழுதி வைத்து நாளும் குறியுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தெளிவுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்: 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புப்படி லிட்டருக்கு நைட்ரேட் 50 மில்லிகிராமுக்கும், ஃபுளூரைடு 1.5 மில்லிகிராமுக்கும், ஆர்சனிக் 0.01 மில்லிகிராமுக்கும் மேலே போகக் கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். கோடைக் கடைசியில் ஒரு தடவை, முதல் பெருமழைக்குப் பின் ஒரு தடவை சோதிக்க வேண்டும். செப்டிக் டேங்குக்கும் கிணற்றுக்கும் நடுவே 30 மீட்டராவது இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். பழைய வீடுகளில் இது அநேகமாக இருக்காது. நீங்கள் பார்த்தது மழைக்குப் பிந்தைய கிணறு. அது எல்லாக் கிணறும் அழகாக இருக்கும் காலம்.

மின்சாரத்துக்கு இன்வெர்ட்டர் போதும் என்கிறீர்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட ஒரு ஈய-அமில பேட்டரியில் ஏட்டளவில் இருப்பது 1.8 யூனிட். அடிமட்டம் வரை இறக்கினால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும், அதனால் பாதியைத்தான் எடுக்கலாம். அதிலும் கொஞ்சம் மாற்றத்தில் போக, லேப்டாப், ரூட்டர், ஒரு விளக்கு, ஒரு மின்விசிறிக்கு ஐந்தாறு மணி நேரம் தாங்கும். உங்கள் வேலைக்கு அது சரி. மோட்டாருக்கு ஆகாது, ஒரு குதிரைத்திறன் மோட்டார் கிளம்பும்போது ஓடும் மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டர் படுத்துவிடும். இணையத்தையும் கரண்ட் போன நேரத்தில் சோதிக்க வேண்டும். பல இடங்களில் மின்சாரம் போய்ச் சில மணி நேரத்தில் செல்போன் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துவிடும். நீங்கள் பகலில், நல்ல வானிலையில், இணையத்தின் இறக்கும் வேகத்தை (டவுன்லோட்) மட்டும் பார்த்திருக்கிறீர்கள். வீடியோ அழைப்புக்கு முக்கியம் ஏற்றும் வேகம் (அப்லோட்), அதுவும் இரவு எட்டு மணிக்கு.

செலவு பாதியாகும் என்ற கணக்கையும் நான் நம்பவில்லை. இரண்டாவது வண்டி, அதன் எரிபொருள், சில வருடத்துக்கு ஒருமுறை பேட்டரி, மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை செப்டிக் டேங்க் காலி செய்வது, வேலி, கூரை, மனைவியின் சம்பளம் நிற்பது. இவற்றில் ஒன்றும் உங்கள் பட்டியலில் இல்லை.

அப்பாவின் இதயமும் கடிகாரமும்

அப்பாவுக்கு இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் 70 கி.மீ. ஒரே மூச்சில் ஓட்டிவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மாரடைப்பு என்று இ.சி.ஜி.யில் தெரிந்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் அடைப்பை பலூனால் திறக்க முடியும் என்றால் அதுவே முதல் வழி. முடியாது என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அருகிலேயே போட்டுவிட்டு, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் மருத்துவ நடைமுறை. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி 22 கி.மீ.யில் உள்ள டவுன் ஆஸ்பத்திரியிடம்: இரவில் இ.சி.ஜி. எடுப்பீர்களா? கரைக்கும் ஊசி கையிருப்பில் இருக்கிறதா, போடுவதற்கு மருத்துவர் இருப்பாரா? பக்கவாதத்துக்கும் இப்படித்தான், அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டும், அதற்கு முன் சி.டி. ஸ்கேன் கட்டாயம். இரவில் ஸ்கேன் ஓடுமா?

ஆம்புலன்ஸ் கணக்கிலும் எல்லோரும் ஒரு தவறு செய்கிறார்கள். டவுன் அரை மணி நேரம் என்றால், வண்டி வருவதற்கு அரை மணி, திரும்பிப் போக அரை மணி. இருட்டில் வீட்டைக் கண்டுபிடிக்கும் நேரம் தனி. ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு மேல் அந்தச் சாலையில் நீங்களே ஓட்டிப் பாருங்கள். ஸ்டென்ட் மாத்திரை ஒரு நாள்கூட விட்டுப்போகாதபடி ஒரு மாத இருப்பு எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும்.

அப்பா தினமும் மாலை பூங்காவில் நான்கு நண்பர்களோடு உட்கார்ந்துவிட்டு ஏழு மணிக்கு வருவார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு அதுவும் மருந்து. 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை ஒன்றாக வைத்துப் பார்த்து 2010-இல் வெளியான ஆய்வில், உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலங்களில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. "எங்கே கூப்பிட்டாலும் வர்றேன்" என்பது மகன் வீட்டில் இருக்கும் ஒரு 74 வயதுக்காரர் சொல்லக்கூடிய ஒரே பதில். அவரைத் தனியாக உட்கார வைத்து, "போகாம இங்கயே இருந்தா எப்படிப்பா இருக்கும்?" என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.

மகளுக்கு 13

மகன் எங்கே போனாலும் ஒரு மாதத்தில் ஒட்டிக்கொள்வான். மகள் விஷயம் வேறு. டென்மார்க்கில் 1971 முதல் 1997 வரை பிறந்தவர்களின் அரசுப் பதிவேடுகளை வைத்து 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. சிறுவயதில் ஊர் மாறியவர்களுக்குப் பிற்காலத்தில் மனநலச் சிக்கல்கள் சற்றுக் கூடுதலாக இருந்தன. வளரிளம் பருவத்தின் தொடக்கத்தில் மாறியவர்களிடம் அது தெளிவாகத் தெரிந்தது. ஊர் மாறியதுதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. குடும்பங்கள் பிரச்சினையோடு ஊர் மாறுவதும் உண்டு. பயப்பட வேண்டாம். ஆனால் 13 வயதில் தோழிகளை விட்டுப் போவதை "புதுசா கிடைப்பாங்க" என்று கடந்து போகாதீர்கள். ஒருவரை நெருங்கிய நண்பராக்க 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று 2018-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு கணித்தது. பள்ளி முடிந்ததும் காரில் ஏற்றி 14 கி.மீ. தள்ளிக் கூட்டிவந்துவிட்டால் அந்த மணிகள் எங்கிருந்து வரும்?

ஊர்ப்புறத்தில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். உங்களுக்கு அது இதமாகத் தெரிகிறது. வளரும் ஒரு பெண்ணுக்கு, எங்கே போனாள், யாரோடு பேசினாள் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும் என்பது அவ்வளவு இதமாக இருக்காது. உங்கள் மனைவிக்கும் அப்படித்தான். நகரத்தில் யாரும் நம்மைக் கவனிப்பதில்லை என்பது குறையாக மட்டும் இல்லை, சுதந்திரமாகவும் இருக்கிறது.

கையெழுத்தும் சம்மதமும்

இப்போதைய வீடு இருவர் பேரிலும் இருக்கிறது, கடனை நான்தான் கட்டினேன் என்கிறீர்கள். கட்டியது யார் என்பதால் பத்திரத்தில் உள்ள பேர் மாறாது. மனைவியின் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. பல நாடுகளில், வீடு ஒருவர் பேரில் மட்டும் இருந்தாலும் குடும்பம் வசிக்கும் வீட்டை மற்றவர் ஒப்புதல் இன்றி விற்பதற்குத் தடைகள் உண்டு. உங்கள் ஊர்ச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது மனைவியையும் கூட்டிப் போங்கள். புது வீடு யார் பேரில் என்பதை உங்கள் கடிதம் சொல்லவே இல்லை. அவர் வேலையை விடுகிறார், அக்காவை விடுகிறார், பாதி வீட்டை விடுகிறார். பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்று அவர் கேட்டால், அது பேராசை ஆகாது.

வாங்கும் நிலத்துக்கும் சில கேள்விகள். பிரதான சாலையிலிருந்து வீட்டுக்கு வரும் பாதை பத்திரத்தில் இருக்கிறதா, இல்லை பக்கத்து நிலத்துக்காரரின் தயவில் இருக்கிறதா? எல்லையை அளவையாளரை வைத்து அளந்தார்களா? கிணறு உங்களுக்கு மட்டுமா, பங்கு உண்டா? விவசாய நிலத்தில் வீட்டைப் பெரிதாக்க அனுமதி கிடைக்குமா? பாதைச் சிக்கல் வழக்கு வரை போவதுண்டு.

வேலையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. மாதம் இரண்டு நாள் வந்தால் போதும் என்று மேலாளர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். மேலாளர் மாறுவார், கொள்கையும் மாறும். எழுத்தில் வாங்குங்கள், திரும்பக் கூப்பிட்டால் எத்தனை மாத அவகாசம் என்பதையும் சேர்த்து. வீட்டை விற்ற பிறகு அந்த மின்னஞ்சல் வந்தால் 160 கி.மீ.யை என்ன செய்வீர்கள்?

விற்காமல் போய்ப் பாருங்கள்

நகரம், கிராமம் என்று இரண்டே வழி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவதை நீங்களே குறிப்பிட்டுவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்: அந்த டவுன். அங்கே வீடு என்றால் ஆஸ்பத்திரி பக்கம், மனைவிக்குக் கணக்கு வேலை கிடைக்க வாய்ப்பு உண்டு, அப்பாவுக்கு நடைப்பயிற்சிக்கு ஆள் இருக்கும். ஊர்ப்புறம் 22 கி.மீ.யில்; ஞாயிற்றுக்கிழமை போய் மண்ணைக் கொத்திவிட்டு வரலாம். என்னைக் கேட்டால், நீங்கள் கேட்ட இரண்டையும்விட எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. அங்கே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

எதுவானாலும், இப்போதைய வீட்டை விற்க வேண்டாம். நகரத்து வீட்டை ஒருமுறை விட்டால் அதே தொகையில் திரும்ப வாங்குவது கடினம். ஊர்ப்புறத்துப் பழைய வீட்டுக்கோ அவசரத்துக்கு வாங்குபவர் கிடைக்க மாட்டார். ஊர்ப்புறத்தில் ஒரு வீட்டை ஒரு வருடம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பள்ளி விடுமுறையில் எல்லோரும் குறைந்தது நான்கு வாரம் அங்கே இருங்கள். அதில் வேலை நாட்களும், அந்த அழைப்புகளும் இருக்க வேண்டும். கோடையின் கடைசி இரண்டு வாரத்தை விட்டுவிடாதீர்கள். கிணறு, கரண்ட், வெக்கை எல்லாம் அப்போதுதான் தங்கள் நிஜ முகத்தைக் காட்டும்.

நான்கில் ஒரு வாரம் மனைவி அங்கே இல்லாமல் இருக்கட்டும், அக்கா வீட்டில். அந்த வாரம் சமையல், தண்ணீர், அப்பாவின் மாத்திரை எல்லாம் உங்கள் பொறுப்பு. விடுமுறைதானே என்று விடாமல், காலையும் மாலையும் பிள்ளைகளைக் காரில் ஏற்றிப் பள்ளி வாசல் வரை ஓட்டிவிட்டு வாருங்கள். இரவு ஏழு மணிக்கு அழைப்பும் உண்டு. சுவரில் ஒரு தாளை ஒட்டி, எந்த வேலையை யார் எத்தனை நிமிடம் செய்தார்கள் என்று எல்லோரும் எழுதுங்கள். எப்போது திரும்பிவிடுவது என்பதையும் போகும் முன்பே எழுதி வையுங்கள்: வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் இணையம் அறுந்தால், டவுன் ஆஸ்பத்திரி இரவில் இ.சி.ஜி. இல்லை என்று சொன்னால், மகள் வேண்டாம் என்றால். அங்கே போன பிறகு எழுத உட்கார்ந்தால், ஏற்கெனவே மனத்தில் எடுத்துவிட்ட முடிவுக்கு ஏற்றபடிதான் எழுதுவோம்.

முன்பணம் விஷயம். வேறொருவர் வாங்கத் தயாராக இருக்கிறார் என்று விற்பவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நிலம் விற்கும் எல்லோருக்கும் அப்படி ஒருவர் எப்போதும் இருப்பார். இந்த மாதம் கொடுக்காதீர்கள். கோடையில் கிணற்றைப் பார்த்த பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள். அதுவரை அந்த வீட்டையே வாடகைக்குத் தர முடியுமா என்று அவரிடமே கேளுங்கள். பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டில் ஒரு குடும்பம் விளக்கேற்றிக்கொண்டு இருப்பது அவருக்கும் லாபம்தான். மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.